கல்மூங்கில் முதல் கார்பன் வரை: கடலில்லாச் சீமையின் தூண்டில் கழி

சேலத்துக்குக் கடல் கிடையாது. கிழக்கே கடலூர்க் கரையை எட்டவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். நாமக்கல்லிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே தூரம். ஆனாலும் கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கம் உள்வாங்கி, சேறும் சரளையுமாகக் கரை வெளிப்படும் நாட்களில், நீர்விளிம்பில் 12 அடி, 13 அடி நீளத் தூண்டில் ராடுகளோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அலையைத் தாண்டி ஈயத்தை வீசுவதற்காகக் கடற்கரைக்கென்றே உலகம் உருவாக்கிய கழிகள் அவை. அலையே இல்லாத ஊரில் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போகிறது. அதில் மூங்கில் உண்டு, வனச்சட்டம் உண்டு, வெள்ளைக்கார கலெக்டர் உண்டு, ஓர் ஆற்றையே ஏரியாக்கிய அணையும் உண்டு.

நீண்ட கழி தமிழருக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாணர் குடி மகன் தூண்டில் போடுகிறான். அந்தக் காட்சியில் புலவர் விட்டுவைத்த விவரம் ஒன்றுமில்லை. நெடிய மூங்கில் கழி, அதன் தலையில் இறுகக் கட்டிய கயிறு, வளைந்த வாயுள்ள இரும்பு முள், தோளில் தொங்கும் தோல்பையில் பச்சை இறைச்சி இரை. கடித்த மீன் வாளை. முள்ளில் மாட்டாமல் இரையை மட்டும் கவ்விக்கொண்டு அது தப்பிவிடுகிறது, கழி நடுங்குகிறது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் என்பதால் இது தொண்டை நாட்டுக் குளக்கரை, சேலம் அல்ல. ஆனால் கருவி ஒன்றுதான். நீளமும் நடுக்கமும் அப்போதே ஒரு நல்ல கழிக்கு அடையாளமாக இருந்திருக்கின்றன. வாளையும் இன்றுவரை காவிரியில் தூண்டில்காரரை ஏய்க்கும் மீனாகவே இருக்கிறது.

சேலம் சீமையில் அந்தக் கழிக்கு மூலப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, காவிரியை ஒட்டிய பாலமலை எனச் சமவெளியைச் சுற்றி மலைகள். அவற்றின் சரிவுகளில் இரண்டு வகை மூங்கில் முக்கியம். ஒன்று முள்ளோடு ஓங்கி வளரும் பெருமூங்கில்; உள்ளே கூடு. பந்தலுக்கும் ஏணிக்கும் அதுதான். மற்றொன்று கல்மூங்கில், வறண்ட சரிவில் வளரும், மெலிந்தது, அடிப்பகுதி கிட்டத்தட்ட உள்கூடு இல்லாமல் கெட்டியாக இருக்கும். ஆங்கிலேயர் இதை ஆண் மூங்கில் என்று அழைத்து, இந்தியக் குதிரைப்படையின் ஈட்டிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஈட்டிக்கு வேண்டிய குணம்தான் தூண்டில் கழிக்கும் வேண்டும். வளைய வேண்டும், ஒடியக் கூடாது, விட்டவுடன் நேராக நிமிர வேண்டும்.

கழி தேர்வது ஒரு கைவேலை. முற்றாத மூங்கில் பச்சையாக இருக்கும்போது அழகாக வளையும். காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். மிக முதிர்ந்ததோ விறைத்துப் போகும். மூன்று வயதுக்கு மேற்பட்ட, இன்னும் பழுக்காத கழியே சரி. கணுக்கள் நெருங்கியிருக்க வேண்டும். அடி கட்டைவிரல் பருமன், நுனி ஊசி போல. கணுவில் ஒரு சிறு கோணல் இருந்தாலும் பாரம் ஏறும்போது அங்கேதான் முறியும். வெட்டும் காலமும் முக்கியம். மழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி அடங்கிய பிறகு வெட்டினால் தண்டில் மாவுச்சத்து குறைவு. மாவு குறைந்தால் மூங்கிலைத் துளைக்கும் வண்டுக்குத் தீனி குறைவு. அதனால்தான் வெட்டிய கழிகளைச் சில வாரம் குளத்துத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் வந்தது. மாவுச்சத்து கரைந்து போகும். பிறகு நிழலில் உலர்த்தி, கோணலை நெருப்பு அனலில் காட்டி நிமிர்த்தி, அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைத்தால் புகை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சோதனை எளிது. அடியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நுனி மட்டும் ஆடி அடங்க வேண்டும். கழி முழுவதும் தொளதொளவென்று ஆடினால் அது பந்தக்கால் ஓரத்துக்குத்தான் லாயக்கு.

மற்றவை எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைத்தன. தக்கைக்குச் சோளத்தட்டையின் நெட்டி அல்லது மயிலிறகின் தண்டு. கயிறுக்குப் பருத்தி நூல். சேலமும் குமாரபாளையமும் திருச்செங்கோடும் நெசவூர்கள், நூலுக்கு என்றும் பஞ்சமில்லை. இரைக்கு வாய்க்கால் ஓரத்து மண்புழு, கெண்டைக்கு ராகிக் களியோ கடலைப் புண்ணாக்கோ. கழி மட்டுமே காட்டிலிருந்து வர வேண்டும்.

அங்கேதான் 1882 குறுக்கே வந்தது. அந்த ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து, மூங்கிலையும் மரம் என்ற சொல்லுக்குள் சேர்த்தது. அதுவரை மலையடிவாரத்து ஆட்கள் கேட்பாரின்றி வெட்டி வந்த கழிக்கு இனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். மூங்கிலுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு காட்டின் மூங்கில்கள் பல பத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசியை உதிர்த்துவிட்டுக் கூட்டமாகச் செத்துப்போகும். அடுத்த தலைமுறை கழியாக முற்றச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் நொச்சி விளாரோ, கைக்கு எட்டிய வேறு எந்தக் குச்சியோதான்.

இவ்வளவு பழைய கருவியைப் பற்றி ஊர்க் கணக்குகளில் ஏன் ஒன்றும் இல்லை? காரணம் பணம். ஏரிக்கும் குளத்துக்கும் மீன்பாசிக் குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவர் தண்ணீர் வற்றும் பருவத்தில் வலைபோட்டு அள்ளுவார். அந்தத் தொகை ஊருக்கோ சர்க்காருக்கோ போகும், பதிவேட்டில் ஏறும். ஆற்றில் செம்படவர் குடும்பங்கள் பரிசலில் போய் வலை விரித்தார்கள். அந்தப் பரிசலும் மூங்கில்தான். பிளந்த மூங்கிலைக் கூடையாகப் பின்னி மேலே எருமைத்தோலைப் போர்த்திச் செய்தது, பின்னாளில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் தோலின் இடத்துக்கு வந்தன. வலை ஒரு தொழில். தூண்டில் தொழிலல்ல. அறுப்பு முடிந்த விவசாயிக்கும் பள்ளிக்கு மட்டம் போட்ட பையனுக்கும் குழம்புக்கு ஒரு மீன் கொடுத்தது, அவ்வளவே. வரி கட்டாத கருவிக்கு வரலாறு எழுத யாரும் இல்லை.

எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். மீன்வளத்தை ஆராய நியமிக்கப்பட்ட ஃபிரான்சிஸ் டே, 1873-ல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்பிடிப்பு பற்றி விரிவான அறிக்கை தந்தார். மாவட்டம் மாவட்டமாகக் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கி, சிறுகண் வலைகளும் அடைப்புகளும் நச்சுக்கொட்டைகளும் குஞ்சுகளை அழிப்பதாக அவர் குற்றம் சாட்டினார். தண்ணீரில் வெடிபோடுவதையும் நஞ்சு கலப்பதையும் தடுத்த 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் இந்தக் கவலையின் தொடர்ச்சி. அந்த விவாதம் முழுவதிலும் கழித்தூண்டில் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை.

அதே 1873-ல் மங்களூரில் அச்சான இன்னொரு புத்தகம் கழியைக் கதாநாயகனாக்கியது. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், தென்கன்னடத்திலும் பின்னர் தஞ்சாவூரிலும் கலெக்டராக இருந்தவர். ‘தி ராட் இன் இந்தியா’ என்ற அவருடைய நூல் 1881-லும் 1897-லும் விரிந்து மறுபதிப்பு கண்டது. இடையே 1887-ல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் ஒன்றும் எழுதினார். இங்கிலாந்தில் சால்மன் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்திய ஆறுகளின் மஹ்சீர் சளைத்ததல்ல, எடைக்கு எடை பார்த்தால் ஒரு படி மேல் என்பது அவர் கட்சி. ஆற்றோடு நின்றுவிடாமல், கடலும் ஆறும் கலக்கும் முகத்துவாரங்களில் காளா மீனையும் கொடுவாவையும் கழியால் பிடிப்பதையும் எழுதினார். ஆற்றுத் தூண்டிலையும் கரைக்கடல் தூண்டிலையும் ஒரே கையேட்டில் வைத்துப் பார்த்த ஆரம்பகால எழுத்துகளில் ஒன்று அது.

அந்தத் துரைமார் கையில் இருந்த கழி எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. 1840களில் அமெரிக்காவின் ஈஸ்டன் நகரில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கிப் பட்டறைக்காரர் மூங்கிலைப் பட்டையாகச் சீவி, வெளித்தோல் மேலே வருமாறு ஒட்டிக் கழி செய்யத் தொடங்கினார். 1870களில் ஹைரம் லெனர்ட் அதைப் பட்டறைத் தொழிலாக்கினார். ஆறு முக்கோணப் பட்டைகள் சேர்ந்து ஓர் அறுகோணக் கழி. இதற்குப் பயன்பட்டதை ‘கல்கத்தா கேன்’ என்று சந்தை அழைத்தது. அது பெரும்பாலும் நம்முடைய அதே கல்மூங்கில் இனம், கல்கத்தா வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர். வரும் கழிகளில் நெருப்புச் சூட்டுத் தழும்புகள் இருக்கும். அவற்றைத் தவிர்த்துப் பட்டை எடுப்பதே பட்டறைக்குப் பெரும்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் டோன்கின் மூங்கில் வந்ததும் கல்கத்தா கேன் ஓரம் கட்டப்பட்டது. இந்தியக் காட்டு மூங்கில் கப்பலில் போய், வார்னிஷும் வெள்ளி வளையமுமாகத் திரும்பி வந்து, இந்திய ஆற்றங்கரையில் மஹ்சீர் பிடித்த காலம் அப்படி முடிந்தது.

நீளமான கழி ஏன் வளைய வேண்டும் என்பதை ஒரு கணக்கு சொல்லிவிடும். நான்கு மீட்டர் கழியின் நுனியை மீன் ஒரு கிலோ எடை அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பவருடைய இரண்டு கைக்கும் இடையே அரை மீட்டர். கழி விறைப்பாக இருந்தால் மேல்கை தாங்க வேண்டியது எட்டுக் கிலோ. நீளம் கூடக்கூட மீனுக்குத்தான் லாபம். ஆனால் கழி வில்லாக வளைந்து, நுனி பாதித் தூரத்துக்கு உள்ளே வந்துவிட்டால் அந்தப் பாரம் நான்கு கிலோவாகக் குறைகிறது. மீன் திடுமென்று திமிறும் நொடியில் கயிறு அறாமல் காப்பதும் அந்த வளைவுதான். வீசும்போது மறுபக்கம் நடக்கிறது. கை ஒரு சாண் நகர்ந்தால் நீண்ட கழியின் நுனி பல அடி பாய்கிறது. ஈயம் தொலைவு போகிறது. நீளம் தூரத்துக்கு, வளைவு கைக்கும் கயிற்றுக்கும். இரண்டில் எதற்கு எவ்வளவு என்பதை நிற்கும் கரையும் எதிரே உள்ள மீனும்தான் முடிவு செய்ய வேண்டும்.

காவிரியில் அந்தக் கரையே மாறிப்போனது.

அணைகளுக்கு முன் காவிரி கடலோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருந்த ஆறு. உல்லம் என்று தமிழர் அழைக்கும் ஹில்சா மீன் முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும். விலாங்கு தலைகீழ்; ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையையும் முக்கொம்பில் மேலணையையும் கட்டியதிலிருந்தே உல்லத்தின் பாதை குறுகத் தொடங்கியது. 1905-ல் சென்னை மாகாண மீன்வளத்தைக் கவனிக்கும் பொறுப்பேற்ற ஃபிரடெரிக் நிக்கல்சனின் காலத்தில், கொள்ளிடத்தில் உல்லத்தைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சியும் நடந்தது. ஆறு அடைபடுவதை அந்த அதிகாரிகள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

பெரிய அடைப்பு பிறகு வந்தது. 1925-ல் மேட்டூரில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-ல் அணை திறக்கப்பட்டது. அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பினால் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் தண்ணீர். ஊர்கள் மூழ்கின, மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். தூண்டில்காரருக்கு இது வேறு உலகம். முன்பு பாறை இடுக்கில் சுழித்த ஆறு. கரையிலிருந்து எட்டிப் பிடித்தால் மடு, பத்தடிக் கழி போதும். இப்போதோ மெதுவாகச் சரியும் தரை. முழங்கால் ஆழத்துக்கே முப்பது அடி உள்ளே நடக்க வேண்டும், மீன் அதற்கும் அப்பால். காற்று திரும்பினால் சிற்றலைகூட எழும். கடல் இல்லாத ஊரில் கடற்கரையின் கணக்கை அணை கொண்டுவந்து வைத்தது.

மீனும் மாறியது. கோதாவரியின் கட்லா 1920களிலேயே காவிரிக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. தேங்கிய நீர் அதற்கு ஏகப் பொருத்தம். மேட்டூரில் அது பெருகியது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா ‘ஜிலேபி’ என்ற பெயரோடு தமிழ்நாட்டின் எல்லாக் குட்டைகளிலும் குடியேறியது. 1957-ல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகு ரோகு, மிர்கால் குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் விடுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டத்தில் வாழப் பழகிய கருமுழிக் கெண்டைக்கும் வெண்கெண்டைக்கும் இடம் சுருங்கியது. அடியில் கிடக்கும் வாளையும் கெளுத்தியும் தாக்குப்பிடித்தன.

அணைக்குக் கீழே ஆறு நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டது. டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பது மரபு, ஜனவரி 28-ல் மூடுவது மரபு. இருப்பைப் பொறுத்து தேதி முன்பின்னாகும். சேலம், நாமக்கல், ஈரோடு நிலங்களுக்கான மேட்டூர்க் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள். பழைய ஆட்கள் வானத்தைப் பார்த்துக் கழியை எடுத்தார்கள் என்றால், ஆற்றங்கரைப் பூலாம்பட்டிக்காரர் பத்திரிகையில் திறப்பு அளவைப் பார்த்து எடுக்க வேண்டியதாயிற்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்கான கதவணைகள் வரிசையாக எழுந்தன. ஓடும் ஆறு படிக்கட்டுக் குளங்களானது. கதவணைக்கு மேலே பரந்த தேக்கம். கீழே நுரைத்துப் பாயும் குறுகிய ஓட்டம். மேலே நின்று வீச நீளம் வேண்டும். கீழே பாறைமேல் குந்தியிருப்பவருக்குக் குட்டைக் கழியே கைக்கு அடக்கம். ஜேடர்பாளையத்தில், அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய ராஜவாய்க்கால் பிரியும் தடுப்பணைப் பக்கம், இரண்டு வகையையும் ஒரே நாளில் பார்க்கலாம். பக்கத்திலேயே மீன் வறுக்கும் கடைகள் வரிசைகட்டி நிற்கும்.

கழியும் சும்மா இருக்கவில்லை. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் டியூபான்ட் நைலானை வெளியிட்டது. அதிலிருந்து வந்த ஒற்றை இழை நம்மூருக்குள் ‘நரம்பு’ என்றும் ‘தங்கூசி’ என்றும் பெயர் வாங்கிப் பருத்தி நூலைத் துரத்தியது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, ஊறி உளுக்காது. போருக்குப் பின் 1940களின் பிற்பகுதியில் கண்ணாடி இழைக் கழிகள் சந்தைக்கு வந்தன. மூங்கிலைப் போல வண்டு துளைக்காது, வெயிலில் வெடிக்காது. ஆனால் கனம் அதிகம், வளைந்தால் நிமிர நேரம் எடுக்கும். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையம் வலுவான கார்பன் இழையை உருவாக்கியது. விமான எஞ்சினுக்காகத் தேடியது பத்தே ஆண்டில் தூண்டிலுக்கு வந்துவிட்டது. 1970களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் கார்பன் ராடுகளை விற்கத் தொடங்கின. 13 அடிக் கழியை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். இன்று உலகின் ராடுகளில் பெரும்பங்கு சீனத்தின் ஷாண்டோங் மாகாணத்து வெய்ஹாய் நகரைச் சுற்றித் தயாராகிறது. மூங்கிலில் தொடங்கிய கதையில் சீனா இரண்டாம் முறை நுழைந்த இடம் அது.

கடற்கரையில் இந்த நீளத்துக்கு நியாயம் இன்னும் பச்சையானது. அலை உடையும் வரிசைக்கு அப்பால் இரை விழ வேண்டும். விழுந்த பிறகு நரம்பு நுரைக்கு மேலே நிற்க வேண்டும். கழியை மணலில் நட்ட குழாயில் செங்குத்தாக நிறுத்தும்போது 12 முதல் 15 அடி உயரம் அதைச் செய்கிறது. 100 முதல் 150 கிராம் ஈயத்தை வீசுவதால் அடிப்பகுதி தடித்து நிற்க வேண்டும், கிழங்கான் கொத்துவது தெரிய நுனி மெலிய வேண்டும். நுனி மட்டும் வளையும் கழி தூரம் போகும். நடுவரை வளையும் கழி மென்மையான இரையைச் சிதறாமல் எறியும், பாறை மீன் பாய்ந்தோடும்போது முள்ளைப் பிடித்துவைக்கும். வாங்குபவர் கழியில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கைப் பார்ப்பது இதனால்தான். 150 கிராமுக்கான கழியில் 30 கிராம் ஈயத்தைக் கட்டினால் அது வளையவே வளையாது. வளையாத கழி வீசாது.

ஆனால் சோழமண்டலக் கரையின் மரபு மீனவர்கள் கழியை நம்பியதில்லை. கரைவலையும் கட்டுமரமும் இருக்கும்போது, கரையில் நின்றவர் கைத்தூண்டிலின் ஈயத்தைத் தலைக்குமேல் சுழற்றி எறிந்தார். நீளத்தைக் கழியில் வைக்காமல் கயிற்றின் சுழற்சியில் வைத்த தந்திரம் அது. இலங்கையின் தென்கரையில் கொக்கலை, வெலிகாமம் பக்கத்து மீனவர்கள் வேறு வழி கண்டார்கள். கடலுக்குள் கம்பை நட்டு அதன் குறுக்குக் கட்டையில் ஏறி உட்கார்ந்து சிறு கழியால் பிடித்தார்கள். கழியை நீட்டாமல் காலை நகர்த்தினார்கள். மினிக்காய்த் தீவில் மூங்கில் கழியால் படகிலிருந்து சூரை மீனைத் தூக்கி வீசுவதும் அதே வகை. மீன் படகோரம் வரும்வரை உயிருள்ள இரையைத் தூவுவதால், கழி எட்டிப்போக வேண்டியதில்லை, தூக்கினால் போதும். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய ‘தூண்டில் வளைவு’கள் இப்போது இன்னொரு காலடியைத் தந்திருக்கின்றன. அதன் முனையில் நேரே ஆழம். எட்டடிக் கழியோடு போகிறவருக்கே அங்கே வசதி. மணற்கரைக்குப் பதின்மூன்றடி, கல் வளைவுக்கு எட்டடி என்ற பாகுபாடு மேட்டூர்ச் சரிவுக்கும் கதவணைப் பாறைக்கும் அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆகவே சேலத்துக்காரர் கடல் ராடு வாங்குவது பகட்டு அல்ல. ஆனால் எல்லோருக்கும் அது தேவையும் அல்ல. ஏரிக்கரை ஓரத்தில் ஜிலேபி கொத்தும் இடத்துக்கு ரீல் எதற்கு? ஒன்பதடி மூங்கிலும் அதே நீளத்து நரம்பும் ஒரு நாங்கூழும் போதும். விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வாளைக்கும் பெரிய கெளுத்திக்கும் கோழிக்குடலைக் கட்டி மடுவில் போடுகிறவர், தடித்த கண்ணாடி இழைக் கழியை இன்றும் விரும்புவதுண்டு. கல்லில் மோதினாலும் அது தாங்கும், கார்பன் விரிசல் விட்டால் சொல்லாமல் முறியும். மின்கம்பிக்குக் கீழே கார்பன் கழியைத் தூக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மூங்கில் காலத்து அனுபவம் இங்கே உதவாது.

வரிப் பதிவேட்டில் இடம்பெறாத கழி கடைசியில் வேறொரு பதிவேட்டில் ஏறியது. காவிரியின் பெரும் மஹ்சீர்கள் துரைமார் காலத்துப் புகழ். மைசூரில் விலங்குத் தோல் பாடம்செய்யும் தொழிலால் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-ல் கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். 1970களின் இறுதியில் மூன்று ஆங்கில இளைஞர்கள் கர்நாடகக் காவிரியில் மறுபடியும் அதைத் தேடிவந்து பிடித்த பிறகு, பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் பிடித்து எடைபோட்டுத் திரும்ப விடும் தூண்டில் வளர்ந்தது. ஒவ்வொரு மீனும் குறிப்பேட்டில் ஏறியது. 2012-ல் அந்த முகாம்கள் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டிலுக்குத் தடை வந்தது. ஆனால் 1998 முதலான குறிப்புகள் ஆய்வாளர்களிடம் எஞ்சின. திமில் உள்ள காவிரிக்கே உரிய மஹ்சீர் வேகமாகக் குறைவதையும், மராட்டியத்தின் லோனாவ்லா பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகுவதையும் அவை காட்டிக்கொடுத்தன.

அதுவரை திமில் மஹ்சீருக்கு அறிவியலில் உறுதியான பெயர்கூட இல்லை. 2018-ல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு அது ‘டார் ரெமாதேவி’ என்ற இனமே என்று நிறுவியது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. மோயாறு பவானியில் சேர்கிறது. பவானி நாமக்கல் மாவட்டக் குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில் காவிரியில் கலக்கிறது. இடையே 1950களிலிருந்து பவானிசாகர் அணை நிற்கிறது. மோயாற்றுத் திமிலன் ஒன்று வெள்ளத்தோடு சமவெளிக்கு இறங்கி வந்தாலும் பிறந்த ஆற்றுக்குத் திரும்பி ஏற அதற்கு வழியில்லை.